சங்கிலியின் முனையும் சட்டத்தின் எல்லையும்: மரக்காணம் உப்பளக் கடற்கரையும் ஹைட்ரோகார்பன் எதிர்ப்பும் (2019–2020)

ஆய்வுச்சுருக்கம்

2019 ஜூன் 23 அன்று மரக்காணத்தில் தொடங்கி இராமேசுவரம் வரை ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக மனிதச் சங்கிலி அமைக்கப்பட்டது. உழவர், மீனவர், உப்பளத் தொழிலாளர் எனப் பிரிந்து நின்ற கடற்கரை மக்களை ஒரே கோட்டில் நிறுத்திய போராட்டம் அது. எட்டு மாதங்களுக்குப் பின் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அக்கோட்டின் நடுப்பகுதிக்குக் காப்பளித்தது. மரக்காணம், இராமேசுவரம் என்னும் இரு முனைகளும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. இடையில் 2020 சனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை, ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றாக்கியது. நிலவுரிமை இல்லாத உழைப்பாளருக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமே சட்டம் அளித்த முதன்மையான மேடையாக இருந்தது என்பதையும், கூட்டுப் போராட்டத்தின் பயன் பங்கேற்ற அனைவருக்கும் ஒருபடித்தாகச் சென்றடையவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மரக்காணம், உப்பளம், ஹைட்ரோகார்பன், மனிதச் சங்கிலி, கருத்துக் கேட்பு, வேளாண் மண்டலம், நெய்தல்.

முன்னுரை

பெருநிறுவனங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த மக்கள் போராட்டங்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களை எழுப்புகின்றன. போராட்டம் எவ்வாறு திரண்டது என்பது ஒன்று. வென்றதா, தோற்றதா என்பது மற்றொன்று. வெற்றி எவ்வாறு பங்கிடப்பட்டது என்னும் மூன்றாவது வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பல தொழில்சார் மக்கள் ஒன்றாக நின்ற போராட்டத்தில், அரசு பின்னர் வழங்கும் காப்பு அவர்கள் அனைவரையும் ஒருசேரத் தழுவும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. அக்காப்பு எந்தச் சொல்லால் வரையறுக்கப்படுகிறது, எந்த வரைபடத்தில் குறிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது.

இம்மூன்றாவது வினாவுக்கு விடை தேடுவதற்கு விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரை தக்க களமாகும். போராட்டக் கோட்டின் வடமுனை அதுவே. சட்டம் எட்டாத இடமும் அதுவே.

1. மரக்காணம்: அளமும் கழியும்

சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு ஒப்பிடுவது ஆய்வாளர் மரபு. கடல்வழிப் பயணக் குறிப்பான பெரிப்ளூசில் இடம்பெறும் சோபட்மா என்னும் துறையும் இவ்வூரே எனக் கருதுவோர் உளர். சங்க இலக்கியம் நெய்தல் நிலத்து மக்களாகக் காட்டும் உப்பு விளைவிப்போரும், அதனை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரும் இக்கடற்கரையின் பொருளியலை நன்கு உணர்த்துவர்.

தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் தமிழ்நாட்டின் முதன்மை உப்பு விளைநிலங்களுள் மரக்காணமும் ஒன்று. ஆந்திரக் கடற்கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில் முடிவுறுகிறது. அருகில் கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டுக்கு அடுத்த நிலையில் வைத்துப் பேசப்படும் இவ்வேரியின் 5,000 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கடல், கழி, கால்வாய், அளம், ஏரி ஆகிய ஐந்தும் ஒரே நீரால் இணைந்துள்ளன. ஒன்றில் நிகழும் மாற்றம் மற்றவற்றில் வெளிப்படுவது இந்நிலத்தின் இயல்பு.

உப்பு விளைச்சல் முழுவதும் வெயிலையும் நீரின் தூய்மையையும் சார்ந்தது. கழியிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் பெறப்படும் உவர்நீர், பாத்தி பாத்தியாக நகர்த்தப்பட்டு, வெயிலில் சுண்டி, செறிவு மிகுந்தபின் விளைபாத்திக்கு விடப்படுகிறது. அங்கு உப்புப் பூத்துப் படிந்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிக்கின்றனர். ஆண்டின் முற்பாதியே விளைச்சல் காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அளங்கள் நீரில் மூழ்கி, வேலை நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்தமைக்கு இவ்வேலையிழப்பே காரணம்.

இங்கு நினைவில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. அளங்கள் பெரும்பாலும் குத்தகை முறையில் இயங்குபவை. பாத்தியில் இறங்கி வேலை செய்பவர் அந்நிலத்தின் உரிமையாளர் அல்லர். அவர் கூலி பெறுபவர். மீனவரும் கடலுக்குப் பட்டா வைத்திருப்பவர் அல்லர். ஆகவே இக்கடற்கரையின் இருபெரும் உழைப்பாளர் பிரிவினரும் தாம் வாழும் தொழிலுக்கு அடிப்படையான பரப்பின்மீது ஆவணவழி உரிமை இல்லாதவர்கள். பின்வரும் வாதங்கள் இவ்வுண்மையின் மீதே நிற்கின்றன.

2. முன்வரலாறு: கம்பெனியின் உப்பு

இக்கடற்கரைக்கு நிறுவன அதிகாரம் புதியதன்று. சென்னை மாகாணத்தில் உப்பின் மீது முற்றுரிமையை 1805இல் நிலைநாட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி என்னும் வணிக நிறுவனமே. விளைவிப்பவர் உப்பை யாருக்கு, என்ன விலைக்கு விற்கலாம் என்பதை அதன்பின் கம்பெனி முடிவு செய்தது. 1858இல் ஆட்சி அரசியிடம் மாறியபோதும் உப்பின் மீதான கட்டுப்பாடு நீடித்தது.

1930 ஏப்பிரலில் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் சென்ற உப்புச் சத்தியாகிரகம் அக்கட்டுப்பாட்டை எதிர்த்தது. வேதாரண்யம் அளக் கடற்கரை 2019ஆம் ஆண்டுச் சங்கிலி கடந்துசென்ற பகுதியின் நடுவில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. எனினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. 1930இல் உப்பு, நாட்டு விடுதலையின் குறியீடாக நின்றது. அதை விளைவித்த தொழிலாளரின் நிலவுரிமை அப்போராட்டத்தின் பொருளாக அமையவில்லை. விடுதலைக்குச் சற்று முன் உப்புவரி நீங்கியது. உப்பு உற்பத்தியும் வழங்கலும் குறித்த அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 58ஆம் பதிவாக இடம்பெற்றது. உப்பு ஆணையர் அமைப்பு ஒன்றியத் தொழில்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. நிருவாகத்தின் பார்வையில் உப்பு ஒரு தொழில். அது வேளாண்மை அன்று. இவ்வகைப்பாடு 2020இல் எதிர்பாராத விளைவைத் தந்தது.

3. ஒற்றை உரிமமும் கடற்கரை வட்டாரங்களும்

2016 மார்ச்சில் ஒன்றிய அரசு புதிய ஹைட்ரோகார்பன் ஆய்வு மற்றும் உரிமக் கொள்கையை ஏற்றது. அதற்குமுன் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறைவளி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமங்கள் இருந்தன. புதிய கொள்கை அனைத்தையும் ஒரே உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற நிறுவனம் தன் வட்டாரத்தில் கிடைக்கும் எவ்வகை ஹைட்ரோகார்பனையும் எடுக்கலாம். எந்தப் பரப்பை ஏலத்துக்குக் கொண்டுவருவது என்பதையும் நிறுவனங்களே விண்ணப்பித்துத் தெரிவு செய்யும் திறந்தவெளி உரிம முறை இதன் ஒரு பகுதியாகும்.

இம்மாற்றம் மக்களின் மொழியையும் மாற்றியது. 2013 வரை 'மீத்தேன்' என்னும் சொல்லே போராட்ட முழக்கமாக இருந்தது. 2017க்குப்பின் 'ஹைட்ரோகார்பன்' என்னும் வேதியியல் சொல் ஊர்ச்சுவர்களிலும் கிராமசபைத் தீர்மானங்களிலும் இடம்பெற்றது. ஒரு வளிக்கு எதிராகப் பெற்ற தடை, பெயர்மாற்றம் பெற்ற உரிமத்தைத் தடுக்காது என்பதை மக்கள் உணர்ந்தமையே இச்சொல்மாற்றத்துக்குக் காரணம் எனலாம்.

திறந்தவெளி உரிம முறையின் முதற்சுற்றில் நாடு முழுவதும் 55 வட்டாரங்கள் ஏலம் விடப்பட்டன. அவற்றுள் 41 வேதாந்தா நிறுவனத்துக்குக் கிடைத்தன. 2018 அக்டோபர் 1 அன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. காவிரிப் படுகையில் அந்நிறுவனம் பெற்றவை இரண்டு. ஒன்று மரக்காணம் பகுதியிலிருந்து புதுச்சேரி வழியாகக் கடலூர்க் கடற்கரை வரை ஏறத்தாழ 1,800 சதுர கி.மீ. பரப்புடையது; மற்றொன்று பரங்கிப்பேட்டையிலிருந்து தெற்கே நாகப்பட்டினக் கடற்கரை நோக்கி 2,500 சதுர கி.மீட்டருக்கும் மேலாக நீள்வது. இரண்டிலும் பெரும்பகுதி கடல், சிறுபகுதியே நிலம். இவ்விரு வட்டாரங்களிலும் மொத்தம் 274 கிணறுகளுக்கு அந்நிறுவனம் சுற்றுச்சூழல் இசைவு கோரியது. 2019 மே மாதத்தில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான ஆய்வு வரம்புகள் வழங்கப்பட்ட செய்தி வெளியானது.

இந்நிறுவனத்தின் பெயரே கடற்கரை மக்களுக்குப் பழைய நினைவொன்றை எழுப்பியது. மற்றோர் உப்பளக் கடற்கரையான தூத்துக்குடியில் வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின்போது, 2018 மே 22 அன்று தொடங்கிய காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். ஓராண்டு நிறைவுறும் வேளையில் அதே நிறுவனத்தின் புதிய திட்டம் பற்றிய செய்தி வந்தது.

மரக்காணத்து உழைப்பாளரின் அச்சத்துக்குத் தொழில்சார்ந்த காரணங்களும் இருந்தன. கழிநீரை நேரே பாத்திக்குப் பாய்ச்சுபவருக்கு, நீரில் கலக்கும் எண்ணெய் உடனடிச் சிக்கலாகும். நீரின்மேல் படரும் எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுக்கும்; உணவுக்குரிய உப்பின் தூய்மையையும் கெடுக்கும். மீனவரைப் பொறுத்தவரை, ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை கடல்சார் நிறுவல்களைச் சுற்றி 500 மீட்டர் வரை காப்பு வளையம் அமைக்க இடமளிக்கிறது. கரைக்கு அருகில் சிறுபடகு கொண்டு மீன்பிடிப்பவருக்கு அத்தகைய வளையங்கள் பலவாகும்போது மீன்பிடி பரப்பே சுருங்கும்.

4. மன்னார்குடி முதல் நெடுவாசல் வரை: உழவர் கையிலிருந்த கருவி

மரக்காணச் சங்கிலி திடீரெனத் தோன்றியதன்று. மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கி.மீ. பரப்பில் மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனம் 2010இல் ஒப்பந்தம் செய்தது. வேளாண் அறிவியலாளர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று அதற்கு எதிராகப் பரப்புரை செய்தார். அப்பயணத்தின்போதே 2013 திசம்பர் 30 அன்று காலமானார். 2013இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவை அமைத்தது. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2017 பிப்பிரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் தொடங்கிய போராட்டம், செம் லேபாரட்டரீசு என்னும் கருநாடக நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட சிறுவயல் ஒப்பந்தத்தை எதிர்த்தது. நிலக் குத்தகையை மாநில அரசு மாற்றித் தராத நிலையில் நிறுவனத்தால் பணியைத் தொடங்க இயலவில்லை. அதே ஆண்டு சூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் குழாயில் ஏற்பட்ட கசிவு, ஊர்மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே மோதலாக முடிந்தது.

இப்போராட்டங்களில் மக்களிடம் இருந்த கருவிகள் யாவை எனக் காண்பது இன்றியமையாதது. முதலாவது நிலம். நிலத்தில் கிணறு தோண்ட நிலவுடைமையாளரின் ஒப்புதலோ மாநிலம் வழியான நிலக் குத்தகையோ தேவை. உழவர் மறுத்தால், மாநிலம் தயங்கினால், திட்டம் நிற்கும். இரண்டாவது மாநில அரசின் உரிம அதிகாரம். பெட்ரோலிய விதிகளின்படி நிலப்பரப்பில் ஆய்வு உரிமமும் சுரங்கக் குத்தகையும் வழங்குவது மாநில அரசு. கடற்பரப்பில் வழங்குவது ஒன்றிய அரசு. மூன்றாவது கிராமசபைத் தீர்மானம். நான்காவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையில் அமைந்த பொதுமக்கள் கருத்துக் கேட்பு.

இந்நான்கையும் மரக்காணத்தோடு பொருத்திப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். அளத் தொழிலாளரிடமும் மீனவரிடமும் மறுப்பதற்கு நிலம் இல்லை. வட்டாரம் பெரும்பாலும் கடலில் இருப்பதால் மாநிலத்தின் உரிம அதிகாரம் அங்கே மெலிவுறுகிறது. கிராமசபையின் எல்லை கரையோடு முடிகிறது. எஞ்சுவது கருத்துக் கேட்பு மட்டுமே. பட்டா கேட்காத மேடை அது. பாதிப்புக்குள்ளாகும் பகுதியில் வாழ்பவர் என்பதே அதில் பேசுவதற்குப் போதிய தகுதி. பேசியவை பதிவு செய்யப்பட வேண்டும். நிறுவனம் விடையளிக்க வேண்டும்.

5. சங்கிலி: வடிவமும் பொருளும்

2019 ஜூன் 23 ஞாயிற்றுக்கிழமை மாலை, 'பேரழிவிற்கு எதிரான பேரியக்கம்' என்னும் கூட்டமைப்பின் அழைப்பை ஏற்று மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மக்கள் சாலையோரம் கைகோத்து நின்றனர். 596 கி.மீ. தொலைவு என அறிவிக்கப்பட்ட இச்சங்கிலி விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், காரைக்கால், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளைத் தொட்டது. உழவர் அமைப்புகள், மீனவ ஊர்கள், மாணவர், வணிகர், எதிர்க்கட்சியினர் எனப் பல தரப்பினர் கலந்துகொண்டனர்.

மனிதச் சங்கிலி என்னும் வடிவத்துக்கு உலக முன்னோடிகள் உண்டு. 1989 ஆகத்து 23 அன்று எசுத்தோனியா, இலாத்வியா, இலித்துவேனியா மக்கள் தாலின், ரீகா, வில்னியசு ஆகிய மூன்று தலைநகரங்களை இணைத்து 600 கி.மீட்டருக்கும் மேலாக அமைத்த பால்டிக் சங்கிலி புகழ்பெற்றது. அங்கே எதிரில் இருந்தது ஓர் அரசு, கோரிக்கை ஒன்று. காவிரிக் கடற்கரைச் சங்கிலிக்கு எதிரில் நின்றவை மூன்று: உரிமம் பெற்ற நிறுவனம், உரிமம் வழங்கிய ஒன்றிய அரசு, தடுக்க வேண்டிய மாநில அரசு. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை ஆண்ட ஒன்றியப் பகுதி அரசு அன்று திட்டத்தை எதிர்த்தது என்பதும் இணைத்து நோக்கத்தக்கது.

இவ்வடிவத்தின் வலிமை எளிமையில் உள்ளது. பங்கேற்பவர் தம் ஊரை விட்டு நகர வேண்டியதில்லை. கூலி வேலை இழப்பு குறைவு. தலைவர் ஒருவரைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. உரிமத்தின் நிலப்பரப்பும் எதிர்ப்பின் நிலப்பரப்பும் ஒன்றே என்பதைச் சொற்களின்றி மெய்ப்பிக்கிறது. நிறுவனத்தின் வரைபடத்தில் வட்டாரங்களாகப் பிரிந்து கிடந்த கடற்கரை அன்று ஒரு கோடாகத் தெரிந்தது. நெல் விளையும் ஊரும் உப்பு விளையும் ஊரும் தமக்குள் ஒரே வழக்கு இருப்பதாக அறிவித்தன.

அவ்வடிவத்தின் வரம்பும் அங்கேயே உள்ளது. சங்கிலி ஆவணம் எதையும் விட்டுச்செல்வதில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசியது போல அதற்குப் பதிவு இல்லை. கிராமசபைத் தீர்மானம் போல எண்ணும் நாளும் இல்லை. கைகள் பிரிந்தபின் அதனை வாசித்துப் பொருள் கொள்ளும் வாய்ப்பு ஆட்சியாளரிடம் செல்கிறது. எந்தப் பகுதியின் குரலாக அதனைக் கேட்பது என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர்.

6. 2020 சனவரி: மூடப்பட்ட மேடை

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி எண்ணெய், எரிவாயு ஆய்வும் உற்பத்தியும் 'அ' பிரிவில் இருந்தன. ஒன்றிய அரசின் மதிப்பீடும் கருத்துக் கேட்பும் அவற்றுக்குத் தேவைப்பட்டன. 2020 சனவரி 16 நாளிட்ட திருத்தம், நிலத்திலும் கடலிலும் மேற்கொள்ளப்படும் ஆய்வுப் பணிகளை 'ஆ2' பிரிவுக்கு மாற்றியது. அப்பிரிவுக்கு விரிவான தாக்க மதிப்பீடோ கருத்துக் கேட்போ வேண்டியதில்லை. இசைவு வழங்கும் பொறுப்பு மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குச் சென்றது. உற்பத்தி நிலைக்கு மட்டும் பழைய நடைமுறை தொடர்ந்தது. அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி இத்திருத்தத்தை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

ஆய்வு என்பது வெறும் அளவீடு என்னும் கருத்தே இத்திருத்தத்தின் அடிப்படை. ஆனால் ஆய்வுக் கிணறும் தோண்டப்படும் கிணறே. அதற்கும் துளையிடு சேறு, கழிவுநீர், கனரகப் போக்குவரத்து, கடலாயின் மேடை ஆகியன உண்டு. மேலும், ஆய்வில் முதலீடு செய்தபின் உற்பத்தியை மறுப்பது அரசுக்குக் கடினமாகும். மக்கள் பேச வேண்டிய தருணம் முதலீட்டுக்கு முந்தியதே.

இத்திருத்தம் அனைவரையும் சமமாகப் பாதிக்கவில்லை என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. நெடுவாசல் உழவருக்குக் கருத்துக் கேட்பு இல்லாது போயினும், நிலத்தை மறுக்கும் கருவி கையில் இருந்தது. மரக்காணத்து அளத் தொழிலாளரும் மீனவரும் இழந்தது, நடைமுறையில் தமக்கென இருந்த சட்ட மேடையை.

7. 2020 பிப்பிரவரி: வரையப்பட்ட எல்லை

2020 பிப்பிரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த விழாவில் காவிரி வடிநிலப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். பிப்பிரவரி 20 அன்று அதற்கான சட்டமுன்வடிவு சட்டப்பேரவையில் நிறைவேறியது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறைவளி ஆகியவற்றின் ஆய்வு, துளையிடல், எடுத்தல் ஆகியவற்றையும் தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை முதலிய தொழில்களையும் இச்சட்டம் மண்டலத்துக்குள் புதிதாகத் தொடங்கத் தடை செய்கிறது. ஏற்கெனவே இயங்குபவை தொடரும்.

மண்டலத்தின் எல்லை அட்டவணையில் ஊராட்சி ஒன்றியப் பெயர்களால் வரையறுக்கப்பட்டது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களும் அன்று பிரிக்கப்படாதிருந்த நாகப்பட்டினம் மாவட்டமும் முழுமையாக இடம்பெற்றன. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய 5 ஒன்றியங்களும், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 ஒன்றியங்களும் சேர்க்கப்பட்டன.

இந்தப் பட்டியலைச் சங்கிலி சென்ற வழியின்மேல் வைத்துப் பார்த்தால் பின்வரும் நிலை தெளிவாகும்.

| சங்கிலியின் பகுதி | முதன்மைத் தொழில் | 2020 சட்டக் காப்பு |
|---|---|---|
| மரக்காணம், விழுப்புரக் கடற்கரை | உப்பு, மீன்பிடிப்பு | இல்லை |
| கடலூர் மாவட்டம் | மீன்பிடிப்பு, வேளாண்மை | 5 ஒன்றியங்களுக்கு மட்டும் |
| நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் | நெல் வேளாண்மை, மீன்பிடிப்பு, உப்பு | முழுமையாக |
| புதுக்கோட்டை மாவட்டம் | வேளாண்மை, மீன்பிடிப்பு | 5 ஒன்றியங்களுக்கு மட்டும் |
| இராமநாதபுரம், இராமேசுவரம் | மீன்பிடிப்பு, உப்பு | இல்லை |

மரக்காணத்தை உள்ளடக்கிய வட்டாரம் பெரிதும் மண்டலத்துக்கு வெளியே நின்றது. தென்வட்டாரத்தின் நிலப்பகுதி பெரிதும் உள்ளே வந்தது. இரண்டும் ஒரே நிறுவனத்துக்கு ஒரே நாளில் வழங்கப்பட்டவை. ஒரே சங்கிலியால் எதிர்க்கப்பட்டவை.

அரசின் தரப்பில் இதற்கு ஏரணம் இல்லாமலில்லை. எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலின் 53ஆம் பதிவைச் சேர்ந்தவை. அரசமைப்பின் 297ஆம் பிரிவு கடலடி வளங்களை ஒன்றியத்திடம் ஒப்படைக்கிறது. வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே மாநிலம் தனக்கு அதிகாரமுள்ள சொல்லான 'வேளாண்மை'யைப் பற்றிக்கொண்டு சட்டம் இயற்றியது. அது திறமான வழியே. காவிரி வடிநிலத்துக்கு அதனால் விளைந்த பயனைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. ஆனால் அச்சொல்லைப் பற்றியதன் விலையை அதன் எல்லைக்கு வெளியே நின்றவர் கொடுத்தனர். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளர் நெல் விளையும் மாவட்டத்தில் வாழ்வதால் காப்புப் பெற்றார். அதே பலகையால் அதே உப்பை வாரும் மரக்காணத்துத் தொழிலாளர் பெறவில்லை. தொழிலின் தன்மையோ இடரின் அளவோ இவ்வேறுபாட்டைத் தீர்மானிக்கவில்லை. அண்டையிலுள்ள வயலே தீர்மானித்தது.

8. மறுமுனையில் நிகழ்ந்தது

இவ்வேறுபாடு ஏட்டளவிலானது எனக் கொள்ள முடியாது. சங்கிலியின் தென்முனையான இராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் இசைவு வழங்கிய செய்தி 2025இல் வெளியாகிக் கடும் எதிர்ப்பை எழுப்பியது. இசைவைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு அறிவுறுத்தியது. இந்நிகழ்வில் 2020இன் இரு செயல்களும் ஒன்றுசேர்கின்றன. மண்டலச் சட்டத்துக்கு வெளியே உள்ள மாவட்டம் என்பதால் சட்டத்தடை இல்லை. ஆய்வுப்பணி 'ஆ2' பிரிவில் இருப்பதால் கருத்துக் கேட்பு இல்லை. எனவே மக்களுக்குச் செய்தி இசைவுக்குப் பின்னரே எட்டியது; தடுப்பு, அரசின் விருப்பத்தைச் சார்ந்ததாயிற்று. அரசின் விருப்பம் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியது. சட்டம் போல் நிலைத்ததன்று.

காவிரி வடிநிலத்தில் இதற்கு மாறான நிகழ்வு 2023 ஏப்பிரலில் காணப்பட்டது. தஞ்சாவூர், கடலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றபோது, மாநில அரசால் வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டி வாதிட முடிந்தது. சில நாள்களில் அப்பகுதிகள் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. அங்கே கையில் ஒரு சட்டம் இருந்தது. மரக்காணத்திலும் இராமநாதபுரத்திலும் அது இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. 2019ஆம் ஆண்டு மனிதச் சங்கிலி உழவர், மீனவர், உப்பளத் தொழிலாளர் ஆகியோரை ஒரே கடற்கரை மக்களாக முன்னிறுத்தியது. அதற்கு எதிர்வினையாகப் பெற்ற சட்டக்காப்பு அவர்களை மீண்டும் தொழிலாலும் மாவட்டத்தாலும் பிரித்தது.

2. நிறுவன அதிகாரத்தை எதிர்கொள்ளும் திறன், மக்கள் எண்ணிக்கையை மட்டும் சார்ந்ததன்று. மறுப்பதற்கு நிலம், பேசுவதற்கு மேடை, சுட்டுவதற்குச் சட்டம் ஆகிய மூன்றையும் சார்ந்தது. மரக்காணத்துக்கு முதலாவது என்றுமே இல்லை. இரண்டாவது 2020 சனவரியில் பறிபோயிற்று. மூன்றாவது பிப்பிரவரியில் அதை வந்தடையவில்லை.

3. ஆய்வுக் கிணறுகளுக்கும் கருத்துக் கேட்பை மீட்டெடுத்தல், நிலமற்ற உழைப்பாளரின் குரலை மீட்டெடுப்பதற்கு ஒப்பாகும். இதனைச் சுற்றுச்சூழல் நடைமுறைச் சிக்கலாக மட்டும் காணாது, தொழிலாளர் உரிமைச் சிக்கலாகவும் ஆய்வுலகம் காண வேண்டும்.

4. மாநிலம் மீன்பிடிப்பு, நிலம் ஆகியவற்றில் தனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு, அளம், கழி, கரையோர மீன்பிடி பரப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய கடற்கரை வாழ்வாதார மண்டலம் ஒன்றை வரையறுக்க இயலுமா என்பது சட்டத்துறையினரும் தமிழாய்வாளரும் இணைந்து ஆராயத்தக்கது.

தமிழ் மரபு மருதத்தையும் நெய்தலையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணியது. நெல் கொடுத்து உப்புப் பெறும் காட்சியைச் சங்கப் பாடல்கள் இயல்பான வாழ்வாகக் காட்டின. சங்கிலியில் கைகோத்து நின்ற மக்கள் அவ்வுறவையே மீண்டும் காட்டினர். சட்டம் இதுவரை மருதத்தை மட்டுமே கண்டுள்ளது. நெய்தலுக்குரிய சட்டச் சொல்லை உருவாக்குவது மரக்காணத்துக்கு இன்னும் தரவேண்டிய கடனாக எஞ்சி நிற்கிறது.